பைக்கை விற்கச் சொல்லப் போனவன் சக்கரம் வாங்கி வந்த விவரம்

மதிப்பிற்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரான தங்கை அவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. தங்கைக்குக் கண் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். என் மனைவி தன் விசாரிப்பைத் தனியாக எழுதச் சொன்னாள், இதோ எழுதிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை, அதாவது என் மகன், சௌக்கியம். பயத்தைத் தவிர அவனுக்கு வேறு உபாதை கிடையாது. உங்கள் மகள், அதாவது என் மருமகள், மிக மிக சௌக்கியம். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகு மேலே படிப்பது நல்லது.

சென்ற முறை இங்கே வந்திருந்தபோது தாங்கள் என்னை மாடிப்படிக்குக் கீழே தனியாக அழைத்துப் போய், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு காரியத்தை ஒப்படைத்தீர்கள். "நான் சொன்னா அவ கேக்க மாட்டா சம்பந்தி. நீங்க சொன்னா கேப்பா. அந்தப் பைக்கை வித்துடச் சொல்லுங்க" என்றீர்கள். ஆயுள் முழுவதும் விபத்துக் காப்பீட்டுப் பிரிவில் இருந்து, நசுங்கிய வண்டிகளையும் அவற்றின் புகைப்படங்களையுமே பார்த்துப் பார்த்து, தெருவில் போகிற எந்த வண்டியைக் கண்டாலும் அது நாளைக்கு எந்தக் கோணத்தில் கிடக்கும் என்று யோசிக்கப் பழகியவர் தாங்கள். மகள் பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டுகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து தாங்கள் அவளோடு பேசுவதில்லை. அவள் தொலைபேசியில் அழைத்தால் ஒரு வார்த்தை இல்லாமல் தங்கையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான், "கவலையை விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு என்ன ஆயிற்று என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன். நடுவில் கோபம் வந்தால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நடந்துவிட்டு வரவும். ஆனால் முழுதும் படிக்கவும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பேச வேண்டியதையெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுக் கீழே கராஜுக்குப் போனேன். முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவது, பிறகு பொதுவாக உடல்நலம், அதிலிருந்து எலும்புகள், எலும்பிலிருந்து பைக், பைக்கிலிருந்து விற்பனை. இதுதான் திட்டம். போய்ப் பார்த்தால், வண்டியின் இரண்டு சக்கரங்களும் கழற்றப்பட்டு, அது முன்னும் பின்னும் இரும்புத் தாங்கிகளில் அந்தரத்தில் நிற்கிறது. உங்கள் மகள் பக்கத்தில் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, பல் பிடுங்கும் டாக்டர் கையாலேயே ஒரு பெரிய ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு என்ன தோன்றும்? பிரித்து விற்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன். நாம் கேட்பதற்கு முன்பே பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் தலையில் கைவைத்து, நல்ல முடிவு எடுத்திருக்கிறாய், நீ இப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியும், உன் மாமா முழு மனதோடு உன் பக்கம் இருக்கிறேன் என்று என்னென்னவோ சொல்லிவிட்டேன். அவள் முக்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"நிஜமாவா மாமா? நீங்க திட்டுவீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லாமயே வெச்சிருந்தேன்" என்றாள். கண்ணில் தண்ணீர். பிறகுதான் தெரிந்தது, அவள் விற்கப் போவது வண்டியை இல்லை, அந்த இரண்டு சக்கரங்களை மட்டும். கம்பெனிச் சக்கரம் கனமாம். அதைவிட இலேசான சக்கரங்கள் தனியாகக் கிடைக்கின்றனவாம், அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். எடை பார்க்க என்னைவிட்டால் வேறு யார் என்று நினைத்து, என்னை எப்படிக் கேட்பது என்றுதான் தயங்கிக்கொண்டிருந்தாளாம். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நிற்கும்போது, நான் வந்த காரியம் இது இல்லையம்மா என்று எப்படிச் சொல்வது? தாங்களே அந்த இடத்தில் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் மேலே போய் என் தராசை எடுத்துக்கொண்டு வந்தேன்.

என் உத்தியோகம் தங்களுக்குத் தெரியும். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசுகளுக்கு முத்திரை வைத்து, கள்ள எடைக்கல்லைக் கையில் தூக்கியதுமே கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவன் நான். அதனால் எடை என்று வந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவளோடு தடத்தில் வண்டி ஓட்டும் தோழி ஒருத்தி, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், தன் வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி இரவல் கொடுத்திருந்தாள். (ஒருத்தி மயக்கம் கொடுக்கிறாள், ஒருத்தி பல் பிடுங்குகிறாள், விடுமுறை நாளில் இருவரும் சேர்ந்து இந்த வேலை.) கம்பெனிச் சக்கரம் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்ததாம். இரவல் சக்கரம், ஒரே அலுமினியக் கட்டியைப் பிரமாண்டமான இயந்திரத்தில் அழுத்தி, பிறகு வேண்டாத இடத்தையெல்லாம் சீவி எடுத்துச் செய்ததாம். இரண்டையும் டயர் இல்லாமல் என் தராசில் வைத்தேன். வித்தியாசம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு கிலோவுக்கா இவ்வளவு அமர்க்களம், நீ இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் வண்டிக்கு அதே இலேசு கிடைத்துவிடுமே என்றேன். அவள் வாதாடவில்லை. கம்பெனிச் சக்கரத்தின் நடுத்துளையில் ஒரு கம்பியைச் செருகி, கம்பியின் இரண்டு முனைகளையும் என் இரண்டு கைகளில் கொடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு உள்ளங்கையால் சக்கரத்தின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுழற்றிவிட்டாள். ஆரக்கால்கள் மறைந்து வெறும் வட்டம் மட்டும் தெரிகிற அளவுக்குச் சுழன்றது. "இப்ப ஒரு பக்கமா சாய்ங்க மாமா" என்றாள்.

சம்பந்தி, அது சாயவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. அசையாமல் இருந்தபோது சொன்னபடி கேட்ட அந்தச் சக்கரம், சுழல ஆரம்பித்ததும் என்னோடு மல்லுக்கு நின்றது. நான் வலப்பக்கம் சாய்த்தால், அது சாய மறுத்து, கண்ணுக்குத் தெரியாத யாரோ பிடித்துத் திருப்புவதுபோல வேறொரு பக்கம் திரும்பியது. என் தோள் வரைக்கும் அதன் பிடிவாதம் தெரிந்தது. உயிருள்ள ஒன்றைக் கையில் பிடித்திருப்பதாகவே தோன்றியது. பிறகு இரவல் சக்கரத்தைக் கம்பியில் மாட்டி, அதே வேகத்தில் சுழற்றிக் கொடுத்தாள். அதுவும் திமிறியது; ஆனால் பேசிப் பார்த்தால் இறங்கி வருகிற ஆள் மாதிரி, கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் கூடவே வந்தது. வித்தியாசம் தராசில் ஒரு கிலோதான். கையிலோ இரண்டும் வேறு வேறு பிறவிகள். "நடுவுல இருக்கிற எடை சும்மா இருக்கும் மாமா. ஓரத்துல இருக்கிற எடைதான் அடம் பிடிக்கும்" என்றாள். நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை கடைகள், எத்தனை தட்டுகள், எத்தனை முத்திரைகள். எல்லாவற்றையும் நிற்க வைத்துத்தான் நிறுத்திருக்கிறேன். ஓடுகிறபோது எடைக்கு இன்னொரு குணம் உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அன்று பகல் முழுவதும் அந்தக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, அவளைச் சுழற்றச் சொல்லிச் சுழற்றச் சொல்லி, சாப்பாட்டுக்கு என் மனைவி மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவளையும் கீழே வரவழைத்து அவள் கையிலும் கொடுத்தேன். அவள் ஒரு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டு, அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். எந்தச் சக்கரத்தைச் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்குப் பிறகு பைக்கை விற்கச் சொல்லும் பேச்சை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் எடுக்கலாம் என்று ஒத்திப்போட்டேன். அடுத்த வாரம் நாங்கள் சக்கரக் கடையில் இருந்தோம்.

அந்தக் கடையைத் தாங்கள் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மருந்துக் கிடங்கு மாதிரி ஒரு சாதாரணக் கதவு. உள்ளே போனால் சுவர் முழுக்கச் சக்கரங்கள். பொன்னிறம், கரி நிறம், செம்பு நிறம், வெள்ளி நிறம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு விளக்கு. நிலாக்களைப் பறித்து வந்து ஆணியில் மாட்டி வைத்திருப்பதுபோல இருந்தது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் உள்ளே நுழைந்ததும் காரணமே இல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டோம். கடைக்காரர் நீண்ட முடியைக் குடுமியாக முடிந்தவர்; எதைக் கேட்டாலும் மெதுவான குரலில்தான் பதில் சொல்வார். அவர் முதலில் காட்டியது கார்பன் சக்கரம். நூல் போன்ற கரி இழைகளை நெய்து, பசையில் தோய்த்து, சூட்டில் இறுக்கிச் செய்வதாம். கிட்டே போய்ப் பார்த்தால் நல்ல நெசவுத் துணியில் தெரிகிற கண்ணி கண்ணியான பின்னல் அதில் தெரிகிறது. ஒற்றை விரலில் மாட்டித் தூக்கினேன், விரல் வலிக்கவில்லை. சம்பந்தி, ஒரு துணியின் மேல் ஏறி அத்தனை வேகத்தில் போக முடியும் என்பதை நினைத்து இன்னொரு தடவை விரலில் மாட்டிப் பார்த்தேன். அடுத்து அவர் மக்னீசியத்தில் செய்த ஒன்றைக் கொண்டு வந்தார். அது அலுமினியத்தைவிட இலேசு; ஆனால் மேல்பூச்சில் கீறல் விழுந்து கவனிக்காமல் விட்டால் உள்ளே அரித்துவிடுமாம், அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். உங்கள் மகள் அதைத் தொட்டுப் பார்த்த விதத்திலிருந்தே அவள் மனது அதில்தான் என்று தெரிந்துவிட்டது. என் மனது கார்பனில். உங்கள் மாப்பிள்ளையின் மனது வாசலில்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பையில் தராசு இருந்தது. கார்பன் சக்கரத்தை வைத்துப் பார்த்தால், பக்கத்தில் அட்டையில் எழுதியிருந்ததைவிட எடை கூடுதலாகக் காட்டுகிறது. அவ்வளவுதான், என் பழைய குரல் எனக்கே தெரியாமல் வெளியே வந்துவிட்டது. இது யார் எடுத்த எடை, எந்தத் தராசு, முத்திரை எங்கே என்று வரிசையாகக் கேட்டுவிட்டேன். குடுமிக்காரர் முகம் வெளுத்து, எனக்கு நாற்காலி போட்டு, உள்ளே திரும்பித் தேநீருக்குச் சொல்லி, ஐயா எந்த ஆபீஸிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பணி ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை அந்த நேரத்தில் மறந்தே போனேன். மருமகள் என் காதருகில் குனிந்து நினைவூட்டினாள். விசாரித்ததில், அட்டையிலிருந்த எடை பேரிங்கும் அதன் இடைவளையங்களும் இல்லாமல், வெறும் சக்கரத்துக்கு மட்டும் எழுதியதாம். எல்லாக் கம்பெனியும் அப்படித்தானாம். வண்டி பேரிங் இல்லாமல் ஓடுமா என்று கேட்டேன். ஓடாது என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கே கடையிலிருந்த அத்தனை அட்டைகளையும் எடுத்துவிட்டு, பேரிங்கோடு சேர்த்து நிறுத்து எழுதுவதாகச் சொன்னார். நான் உடனிருந்து நிறுத்துக் கொடுத்தேன். அதில் சாயங்காலம் ஆகிவிட்டது.

இவ்வளவு நிறுத்தும் எதை எடுப்பது என்று முடிவாகவில்லை. எதையாவது ஒன்றைச் சீக்கிரம் முடியுங்கள் என்று உங்கள் மாப்பிள்ளை கெஞ்சினான். அப்போது என் மனைவி தொலைபேசியில் அழைத்து, இன்னும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நான் கார்பன், மக்னீசியம், இரவல் சக்கரம் போன்ற அலுமினியம் என்று மூன்று சக்கரங்களின் பெருமைகளையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னாள். "எல்லாம் எவ்வளவு இலேசுன்னு சொல்றீங்க. உடைஞ்சா எப்படி உடையும்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை. குடுமிக்காரர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, கடைக்காரராக அல்லாமல் வீட்டு மனிதர்போலப் பதில் சொன்னார். கார்பன் லேசில் வளையாதாம். பெரிய அடி பட்டால் விரியுமாம், சில சமயம் உள்ளே விரிந்தது வெளியே தெரியாதாம். மக்னீசியம், சொன்னதுபோல, கவனிப்பு கேட்கும். அழுத்திச் செய்த அலுமினியமோ பெரும்பாலும் முதலில் வளையும். வளைந்திருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குக் கைப்பிடியிலேயே தெரியும். தடத்தில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன், பள்ளம் மேடு உள்ள ரோட்டிலும் ஓட்டுகிற பெண்ணுக்கு இதைத்தான் கொடுப்பேன் என்றார். "சொல்லிட்டு உடையறதை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி என் மனைவி ஃபோனை வைத்துவிட்டாள். உங்கள் மகள் அந்த மக்னீசியச் சக்கரத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு, அத்தை சொல்வதுதான் சரி என்றாள். அவள் ஆசைப்பட்டதை அவளாகவே கீழே வைத்ததை நான் பார்த்தேன் சம்பந்தி. வேக வெறி பிடித்தவள் அப்படிச் செய்ய மாட்டாள். நிறத்தை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். பொன்னிறம்.

கடையிலேயே டயர் மாட்டி, காற்றடைத்து, எதிர்எடை ஒட்டிச் சமன்பார்த்துக் கொடுத்தார்கள். வாடகை வண்டி எங்கள் தெருமுனை வரைக்கும்தான் வந்தது. நடுவில் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் தெரு எவ்வளவு சரிவு என்பது தங்களுக்குத் தெரியும். பின்சக்கரத்தை மருமகள் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். முன்சக்கரத்தை உங்கள் மாப்பிள்ளை உருட்டிக்கொண்டு வந்தான். நடுத்தெருவில் அவனுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தணிக்கை வேலையில் இருப்பவன், எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்ப்பவன், ஃபோனை எடுப்பதற்காகச் சக்கரத்தைக் கையிலிருந்து விட்டுவிட்டான். அது ஒரு நிமிடம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது. நானும் அவனும் பின்னால் ஓடினோம். அது விழும், விழும் என்று பார்க்கிறேன்; விழவே இல்லை. துளி ஆட்டம் இல்லாமல், சத்தம் இல்லாமல், பொன் வட்டமாக, நடுத்தெருவில் நேராகப் போகிறது. மருந்துக் கடை வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு நாய் குரைக்க வாயைத் திறந்து, குரைக்காமலேயே மூடிக்கொண்டது. தோண்டிய பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, தெருக்கோடியில் இருக்கும் சலூனுக்குள் படியேறிப் போய், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே சுவரில் மெல்லச் சாய்ந்து நின்றுகொண்டது. மூச்சு வாங்க நாங்கள் போய் நின்றபோது, சலூன்காரர், வாடிக்கையாளர் ஒருவரின் முகத்தில் பாதி சவரத்தில் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி சக்கரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீதி வண்டி பின்னாடி வருதுங்களா?" என்று கேட்டார்.

ஒரு கீறல் இல்லை. நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்து, சோப்பு நுரையோடு குனிந்து, இவ்வளவு நேராக ஓடுகிற பொருளை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று சொல்லிச் சக்கரத்தைத் தடவிக்கொடுத்தார். உங்கள் மாப்பிள்ளை சலூன் பெஞ்சில் படுத்துவிட்டான். அவனைச் சலூனிலேயே விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் நான் வீட்டுக்கு உருட்டி வந்தேன்.

இனி எழுதப் போவதை எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை நாள் தாமதம். சக்கரங்களை மாட்டிய பிறகு தடத்துக்குப் போக வேண்டும், மாமாவும் வர வேண்டும் என்று உங்கள் மகள் கேட்டாள். நான் போனேன். உங்கள் மாப்பிள்ளையும் வந்தான். வந்து காருக்குள் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கார் நிறுத்தத்தில் நின்றிருந்தது. நான் ஒரு வளைவுக்குப் பக்கத்தில், கம்பி வலைக்குப் பின்னால் நின்றேன். இடப்பக்கம் ஒரு திருப்பம், அது முடிவதற்குள் வலப்பக்கம் ஒரு திருப்பம். பழைய சக்கரத்தில் இந்த இடத்தில் வண்டியைக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு அவள் வந்தாள். இடப்பக்கம் அவ்வளவு சாய்ந்து, முழங்கால் தரையை உரசுகிற மாதிரி வந்து, நான் மூச்சை உள்ளே இழுப்பதற்குள் அந்த வண்டி நிமிர்ந்து, வலப்பக்கம் படுத்து, போய்விட்டது. தூங்குகிற குழந்தை பக்கம் மாறிப் படுக்கிற மாதிரி. அவ்வளவு சுலபமாக, அவ்வளவு அமைதியாக. பொன்னிறச் சக்கரம் மட்டும் கண்ணுக்குள் ஒரு கோடாக நின்றது. கராஜில் என் கையோடு மல்லுக்கு நின்ற அதே பிடிவாதம்தான் அங்கே அவளைக் கீழே விழாமல் தாங்குகிறது, அதில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நாங்கள் கடையில் உட்கார்ந்து கழித்திருக்கிறோம் என்று எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது. நான் கடவுளைக் கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் ஃபோனோடு சேர்த்துக் கை இரண்டும் எப்போது கம்பி வலையைப் பிடித்ததோ தெரியாது, விட மனம் வரவில்லை.

ஒன்றையும் மறைக்கவில்லை என்று சொன்னேன், அதனால் இதையும் எழுதுகிறேன். அன்று அவளுக்கு முன்னால் போன ஒருவர் அதே வளைவில் விழுந்தார். வண்டி ஒரு பக்கம் சறுக்க, ஆள் ஒரு பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போய்ச் சரளைக்கல்லில் நின்றார். உடனே எனக்குத் தங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. தாங்கள் பயப்படுவது வீண் பயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். உங்கள் மகள் கையை உயர்த்திப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டி, வேகத்தைக் குறைத்து, விழுந்தவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வதைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் போனாள். எழுந்தவர் அந்த மயக்க மருந்து டாக்டர். பிறகு இருவரும் தேநீர் குடித்துக்கொண்டு அதைப் பற்றி வெகுநேரம் சிரித்தார்கள். எனக்குத்தான் தேநீர் இறங்கவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது உங்கள் மகளின் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படியே தங்கள் முகம். ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்டால் தங்களுக்கு வருமே, அந்த முகம். வந்ததும் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, வீடியோ எடுத்தீர்களா, அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான். எடுத்திருந்தேன். ஆனால் ஃபோனைத் திருப்பிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. முழு நேரமும் என் முகம்தான் பதிவாகியிருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு, இடப்பக்கமிருந்து வலப்பக்கம் தலையைத் திருப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். பின்னணியில் அவள் போகிற சத்தம் மட்டும். அதை அழிப்பதற்குப் பதிலாக உங்கள் மாப்பிள்ளை தவறுதலாகத் தங்களுக்கே அனுப்பிவிட்டதாகப் பிறகு சொன்னான். தயவுசெய்து அதைப் பார்க்காமல் அழித்துவிடவும்.

திரும்பி வரும் வழியில், அப்பா பயப்படுகிறார் என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். "தெரியும் மாமா. அவர் கண்ணால பார்த்ததெல்லாம் விழுந்த வண்டிங்கதான். ஓடுற வண்டியை அவர் பார்த்ததே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு விற்கும் பேச்சு என் வாயிலிருந்து வராது சம்பந்தி. வாக்குக் கொடுத்தவன் காப்பாற்றவில்லை, மன்னிக்க வேண்டும். தங்கள் கோபம் ஆறும்வரைக்கும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றும், வந்தால் தங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்றும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். என்னைத் திட்டுவதென்றால் கடிதத்தில் திட்டவும். பக்கம் பக்கமாக எழுதினாலும் படிப்பேன். ஆனால் அவள் அடுத்த முறை அழைக்கும்போது மட்டும், ஃபோனைத் தங்கையிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கொடுக்கவும். என்ன வார்த்தை என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தங்கைக்கு எங்கள் அன்பும், தங்களுக்கு எங்கள் வணக்கமும். தாங்கள் இருவரும் நீண்ட நாள் உடல் நலத்தோடும் மன நிறைவோடும் இருந்து, எங்கள் பிழைகளை மறந்து, நம் பிள்ளைகளை வாழ்த்த வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மாறாத மரியாதையும் தற்சமயம் சற்று அச்சமும் கொண்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டித் தங்கள் முகவரியை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால் தாங்கள் நிற்கிறீர்கள், கையில் பையோடு. வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாமல், "எங்க அவ?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் கீழே கையைக் காட்டினேன். கூட வரத் தைரியம் இல்லாததால், உறையைப் பிரித்து இதை மாடிப்படி ஜன்னலோரம் நின்று எழுதுகிறேன். தாங்கள் இப்போது வண்டியைச் சுற்றி வருகிறீர்கள், பழைய உத்தியோகத்தில் சுற்றி வருவீர்களே, அதுபோலக் குனிந்து, நிமிர்ந்து. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். ஆகவே இக்கடிதத்தில் உள்ள மன்னிப்பு, விளக்கம், வர வேண்டாம் என்ற வேண்டுகோள் எல்லாம் செல்லாது. தபால்தலை வீணாக வேண்டாம் என்று அனுப்பி வைக்கிறேன். வீட்டுக்குத் திரும்பியதும் வந்து கிடக்கும், கண்டுகொள்ள வேண்டாம். இப்போது தாங்கள் வாயைத் திறக்கிறீர்கள். என் மனைவியும் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். வண்டியின் பின்பக்கத்தைக் கையால் தடவிவிட்டுத் தாங்கள் கேட்டது இங்கே வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"பின்னாடி சீட்டு எங்கம்மா?"

"இது ஒத்தை ஆள் ஓட்டுற வண்டிப்பா."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"